இருபத்துநாலு மணி நேரக் கேன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டியாக வார்க்கும் ஆலை ஒன்று. அங்கே பர்னஸ் என்கிற உலையில் வேலை பார்க்கும் சுப்பராயனை அப்பன் வைத்த பேர் சொல்லி ஆலைக்குள் யாரும் கூப்பிடுவதில்லை. மெட்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். மெட்ரோ வாட்டர் லாரி தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இவன் வருஷத்துக்கு ஒரு நாள் ஆட்களுக்கெல்லாம் ஊற்றுவான். ஊற்றுவது தண்ணீர் இல்லை, மூத்திரம்.

கேட்கிறவனுக்குச் சிரிப்பாக இருக்கும். அவனுக்கு அது கௌரவம்.

ஆகஸ்டு மாதம் பிட்னஸ் கேம்ப் வரும். ஒரு வேன், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்று சின்ன பாட்டிலில் மூத்திரம் பிடித்துத் தர வேண்டும், கையை நீட்டி பி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இருந்தாலும் பி.பி. இருந்தாலும் பர்னஸ் பக்கம் விடமாட்டார்கள். வேறு வேலையாவது தருவார்களா என்றால் அதுவும் கிடையாது. கேட் பாஸை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டு, சரி பண்ணிக்கொண்டு வா என்பார்கள். அப்படிச் சரி பண்ணிக்கொண்டு வந்து பாஸைத் திரும்ப வாங்கினவன் முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதனால் ஆட்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். சுப்பராயனுக்கு நாற்பத்தேழு வயது. சர்க்கரை இல்லை, ஒன்றும் இல்லை. கேம்ப் அன்று காலையிலிருந்தே தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுக் கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். கதவுக்கு அடியில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரும்.

"மெட்ரோ, பிரஷர் கொறையுதா இன்னா?" என்று வெளியே இருந்து ஸ்டீபன் கேட்பான்.

"இன்னும் ரெண்டு பாட்டிலுக்கு வரும். கம்முனு நில்லு."

"பாத்து ஊத்துபா, போன வருசம் எனுக்கு நொரை தள்ளிக்கினு கெடந்துச்சி."

"ஓசில வாங்கறவன் நொரையப் பத்திப் பேசாத."

நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏளாவூர்ப் பக்கம் அடுத்தவர் நெல் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த குடும்பம். பத்தொன்பது வயதில் சிப்காட்டுக்குள் வந்தவன் இத்தனை வருஷத்தில் எந்த விஷயத்திலும் நாலு பேருக்கு மேலே நின்றதில்லை. இந்த ஒன்றில் நின்றான். உடம்பு சுத்தமாக இருக்கிற ஆள் என்று ஏழெட்டுப் பேர் அவனை நம்பிப் பிழைத்தார்கள். அந்த நினைப்பு அவனுக்குச் சோறு மாதிரி இருந்தது.

சாம்சனுக்கு மட்டும் பாட்டிலோடு விடமாட்டான். சாம்சனின் கார்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை வரிசையில் போய் நின்று தன் கையையே நீட்டுவான். கார்டில் ஒட்டியிருந்த போட்டோ வெயிலில் வெளுத்து, முகம் இருந்த இடத்தில் வெறும் மஞ்சள்தான் இருந்தது. நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். ஒரே ஒரு வருஷம் மட்டும் புதிதாக வந்தவள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, அவன் இடது புருவத்துக்கு மேலே பட்டாணி அளவில் இருந்த மச்சத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டாள். அவன் கண்டுகொள்ளவில்லை. நூற்றிருபது, எண்பது. நாலு வருஷமாக சாம்சனின் ரத்தக்கொதிப்பு சுப்பராயனின் கையில்தான் அளக்கப்பட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. அவனை உள்ளே சேர்த்துவிட்டவரே சாம்சன்தான். சேர்ந்த மூன்றாவது மாதம், மழையில் நனைந்த இரும்புத்துண்டை அவன் தெரியாமல் பர்னஸுக்குள் தள்ள, ஈரம் பட்டதும் உருகின இரும்பு வெடித்துக் கிளம்பியது. சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தவர் சாம்சன். அவன் முகம் தப்பியது. சாம்சனின் வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்தது. இன்றைக்கும் அந்தத் தோல் பழைய பாலிதீன் கவர் மாதிரி சுருங்கித்தான் இருக்கும். அந்தக் கைக்காகத் தன் கையைக் கொடுப்பது சுப்பராயனுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து சாம்சனும் அவர் சம்சாரம் ஏஞ்சலினும் காலனிக்குத் திரும்பியபோது சுப்பராயன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஞாயிறு மதியம் அவனுக்கு அங்கேதான் சாப்பாடு. அவர்கள் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்று. பேர் ஈஸ்வரி. திருப்பாச்சூர்க்காரி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"கெவருமெண்டு சர்வேண்ணா. ஜனங்க ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சாப்பிடறாங்கன்னு கணக்கெடுக்கறோம்ண்ணா. குலுக்கல்ல உங்க ஊடு வந்துருக்கு. பதினெட்டு வயசுக்கு மேல ஒருத்தர். உங்க பேர்தான் வந்துது. முடிவு சீட்டா உங்க கைக்குத்தான் வரும், கம்பெனிக்கெல்லாம் போவாது."

"உப்பா?" என்றார் சாம்சன். "சமையக்கட்ல டப்பா கீது. அத்த நிறுத்துக்கினு போம்மா."

"டப்பாவ நிறுத்தா ஊடு மொத்தமும் சேந்துடும். வெளிய டீ, போண்டா, ஊறுகான்னு துன்றது விட்டுப்போயிடும். சாப்ட்ட உப்பு முக்காவாசிக்கு மேல மூத்திரத்துலதான் வெளிய வரும். வாழப்பழம், கீரை, எளனியில பொட்டாசியம்னு ஒண்ணு கீது, உப்பு செய்யற கெடுதலத் தணிக்கறது. அதுவும் அதுலதான் தெரியும். அதனால ஒரு முழு நாள். இப்ப மணி பன்னண்டு. இப்ப போறத கீழ விட்டுடுங்க. அதுலருந்து நாளைக்குப் பன்னண்டு வரைக்கும் ஒரு சொட்டு விடாம இந்தக் கேன்ல. நாளைக்கு சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன்."

சுப்பராயன் வாய்விட்டுச் சிரித்தான். "ணா, உன்ன மெட்ரோ ஆக்கிட்டாங்க."

ஈஸ்வரி சிரிக்கவில்லை. பையிலிருந்து மெஷினை எடுத்தாள். சாம்சன் வலது கையை நீட்ட, தழும்பைப் பார்த்துவிட்டு இடது கையைக் கேட்டு வாங்கினாள். மூன்று தடவை அளந்தாள். நூற்றெழுபத்திரண்டு, நூற்றுநாலு.

"அண்ணா, இது ரொம்ப ஜாஸ்தி. நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போங்க. மாத்திரை சும்மாதான் தராங்க."

"உன் மெஷின் பேஜாரு பண்ணுது" என்றார் சாம்சன். "கம்பெனில நாலு வருசமா நூத்திருபதுதான்."

ஏஞ்சலின் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பத்தாவது வரை படித்தவள். இரண்டு வருஷமாக அவருக்கு விடியற்காலையில் பின்மண்டை வலிப்பதும், படிக்கட்டில் மூச்சு வாங்குவதும் அவளுக்குத் தெரியும். கேம்பில் நார்மல் என்றுதான் அவளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு சொல்றத ஒரு தபா கேளுங்களேன்."

"இந்தா ஏஞ்சலு. மெஷின் பொய் சொல்லும், நர்ஸ் பொய் சொல்லும், மூத்திரம் பொய் சொல்லாது. இந்தக் கேன ஒயுங்கா ரொப்பித் தரேன். அதுல உப்பு ஜாஸ்தின்னு சீட்டு வரட்டும். ஆண்டவர் மேல ஆணையா அன்னிக்கே மாத்திர போடறேன், பர்னஸ விட்டுட்டு வெளிய பழைய இரும்பு குமிக்கற யார்டுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன். சரியா?"

ஏஞ்சலின் அந்தக் கேனைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் கையாலேயே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஈஸ்வரி போன பிறகு சுப்பராயன் தணிந்த குரலில் ஆரம்பித்தான். "ணா, இது கெவருமெண்டு இல்ல. காண்ட்ராக்டர் உட்ட ஆளு. போன வாரம்தான் கிரேன் சின்னராசுவ திடீர்னு கூப்ட்டு பி.பி. பாத்து பாஸப் புடுங்கிக்கினாங்க. இப்ப ஊட்டுக்கே வந்துட்டாங்க."

"கம்பெனிக்குப் போவாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

"பேரு எழுதிக்கினாளா இல்லியா?"

"எழுதிக்கினா."

"அப்பறம் இன்னா? குடு, நான் ரொப்பித் தரேன்."

சாம்சன் கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி தலையை ஆட்டினார். "வோணாம்பா. நாலு வருசமா உன் கைய வெச்சே நான் ஓட்டிக்கினு கீறேன். என் ஒடம்புல இன்னா கீதுன்னு எனுக்கே தெரியல. ஒரு தபாவாவது என்னோடதா இருக்கட்டும்."

அந்த வார்த்தை சுப்பராயனுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவன் இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்ட். கேன் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அதை ஒரு துணிப்பைக்குள் வைத்து சாம்சன் கைக்குழந்தையை எடுத்து வருவதுபோல எடுத்து வந்தார். கேட்டில் செக்யூரிட்டி ஆதிகேசவன் மறித்தான்.

"இன்னா சாம்சு, பைக்குள்ள? டீசலா?"

"இல்லபா."

"மோரா?"

"மோரும் இல்ல. தொறக்காத, சொன்னாக் கேளு."

ஆதிகேசவன் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். அடுத்த நொடி அவன் பின்வாங்கியதில் தொப்பி கீழே விழுந்தது. வரிசையில் நின்ற ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சர்வேபா, ஒரு நாள் முயுக்க புடிக்கணும்" என்றார் சாம்சன்.

"நீ இன்னா எயவாவது புடி. ஆனா கம்பெனி உள்ள புடிச்சது கம்பெனிக்கு சொந்தம். வெளிய எடுத்துனு போறதுக்கு சலான் போட்டுனு வா."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. சாம்சனும் சிரித்தார். கேனை ஆட்கள் துணி மாற்றும் அறையில், தன் பெட்டிக்குப் பின்னால் நிழலில் வைத்துவிட்டு பர்னஸ் மேடைக்கு ஏறினார்.

மேடைக்குக் கீழே ஒரு நீல டிரம்மில் மோர் இருக்கும். மோர் என்பது பேருக்கு. உப்புத் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை. பக்கத்தில் ஒரு சட்டியில் கல்லுப்பு. இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் சாம்சன் ஒரு சிட்டிகை கல்லுப்பை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வார். வேர்வையில் உப்பு போய்விட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும், உருகின இரும்புக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டால் ஆள் காலி என்பது மேடையில் நிற்கிற எல்லாரும் கற்றுக்கொண்டது. அது வெறும் பயமும் இல்லை. கூட நிற்கிற ராபின் ஒருமுறை அப்படி விழுந்து மயிரிழையில் தப்பினான். ஆனால் வேர்வையில் போனது எவ்வளவு, உள்ளே தங்கினது எவ்வளவு என்று அந்த ஆலையில் யாரும் யாருக்கும் பார்த்துச் சொன்னதில்லை. உப்பைச் சட்டியில் கொட்டி வைத்ததோடு கம்பெனியின் வேலை முடிந்தது. எட்டு மணி நேர ஷிப்டில் சாம்சன் ஒரு கை நிறைய உப்பைத் தின்றுவிடுவார். வீட்டுக்குப் போனால் கருவாடு, ஊறுகாய். உப்பு குறைந்தால் சோறு இறங்காது. பழம் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாங்குகிற பண்டம்.

காலை பதினொரு மணிக்கு சாம்சன் மேடையில் இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது சுப்பராயன் துணி மாற்றும் அறைக்கு வந்தான். கேனை வெளியே இழுத்துப் பார்த்தான். கடும் மஞ்சள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஒரு நம்பர்.

இவ்வளவு மஞ்சளைப் பார்த்தால் எந்த டாக்டரும் பாஸைப் பிடுங்கிவிடுவான் என்று நினைத்தான். சின்னராசு கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸோடு நின்ற கோலம் கண் முன்னால் வந்தது. ஒருவேளை மெய்யாகவே அரசாங்க சர்வேயாக இருந்தால் என்ற யோசனையும் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நம் மூத்திரத்தை மெனக்கெட்டு வீடு தேடி வந்து கேட்கிற அரசாங்கம் எங்கே இருக்கிறது? என்னோடதா இருக்கட்டும் என்று சாம்சன் சொன்னது இன்னும் நெஞ்சில் முள்ளாக இருந்தது. நான் இல்லாமல் நீ தாண்டிவிடுவாயா என்ற எண்ணம் அதற்குள் கொஞ்சம் கலந்திருந்தது. அதை அவன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

கேனை எடுத்துப்போய் மூன்றில் இரண்டு பங்கைச் சாக்கடையில் சாய்த்தான். குழாயில் தண்ணீர் பிடித்தான். மேலே தன்னுடையதையும் கொஞ்சம் விட்டான். முன்பு இருந்த அளவுக்கு வந்ததும் மூடியை இறுக்கிக் குலுக்கிப் பார்த்தான். நிறம் அழகாக வெளுத்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, இருந்த இடத்திலேயே வைத்தான். ஒரு நல்ல காரியம் செய்த ஆளுக்கு வருகிற நிம்மதி அவனுக்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு சாம்சன் இறங்கி வந்தார். கடைசி முறை பிடித்துவிட்டு, கேனை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"சுப்பு, பரவால்லபா. கலரு நல்லாத்தான் கீது."

"நான்தான் சொன்னேனேணா, உனுக்கு ஒண்ணும் இல்ல."

மூன்று வாரம் சாம்சன் சீட்டுக்காகக் காத்திருந்தார் என்பதைவிட ஏஞ்சலின் காத்திருந்தாள் என்பதுதான் சரி. தபால்காரரை வழிமறித்துக் கேட்டாள். பங்குனியில் ஒரு ஞாயிறு மதியம் ஈஸ்வரி திரும்ப வந்தாள். கையில் சீட்டு இல்லை. புதுக் கேன் இருந்தது.

"அண்ணா, உங்க கேன் கணக்குல சேரல."

"சேரலன்னா?"

"ஒடம்புல கிரியாட்டினின்னு ஒரு கழிவு கீதுண்ணா. ஆளோட சதைக்குத் தகுந்த மாதிரி தெனமும் ஏறக்கொறைய ஒரே அளவா வரும். உங்க ஒடம்புக்கு வரவேண்டியதுல பாதிகூட வரல. ஒண்ணு, பாதி நேரம் கீழ உட்டுருக்கணும். இல்லன்னா தண்ணி கலந்துருக்கணும். உப்பு எவ்வளவுன்னு அத வெச்சி சொல்ல முடியாது. இன்னொரு தபா புடிச்சிக் குடுங்க."

சாம்சனின் கழுத்து நரம்பு புடைத்ததை சுப்பராயன் பார்த்தான். அவன் அதே நாற்காலியில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யார்மா தண்ணி கலந்தது? ஊரே சிரிக்க கேட்ல தூக்கினு போயி, பன்னண்டு மணி அடிக்கற வரைக்கும் காத்துனு இருந்து புடிச்சவன்மா நானு. ஒரு சொட்டு கீழ உடல. சபைல காணிக்கத் தட்டு புடிக்கறவன் நான். என்னப் பாத்து தண்ணி ஊத்தினேன்றியா?"

"நீங்கதான்னு சொல்லலண்ணா..."

"சுப்பு, நீ சொல்லுடா. நீ கூடவே இருந்தியே. நான் ஏமாத்துனனா?"

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிட அது நல்ல நேரம். அதைவிட நல்ல நேரம் பிறகு அவனுக்குக் கிடைக்கவே இல்லை. வாயில் சோறு இருந்தது. மென்று முழுங்கினான்.

"இல்லணா. நீ ஒயுங்காத்தான் புடிச்ச" என்றான்.

"கேட்டுக்கினியாம்மா? உன் லேப்ல எவனோ மாத்திட்டு என் மேல பழி போடற. எடுத்துனு போ உன் கேன."

"சரிண்ணா, கேன் வோணாம். பி.பி. மட்டுமாவது இன்னொரு தபா பாத்துக்கறேன். அன்னிக்கு இருந்த அளவுக்கு..."

"உன் மெஷினும் அந்த லேபு மாதிரிதான் இருக்கும். போம்மா."

ஏஞ்சலின் தெருமுனை வரை அந்தப் பெண்ணோடு போனாள். திரும்பி வந்து, "இன்னொரு வாட்டி புடிச்சாதான் இன்னாங்க? எனுக்காக" என்றாள். அவர் ஊறுகாய் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆணை போட்டுச் சொன்ன சீட்டு வரவில்லை. மாத்திரையும் வரவில்லை. யார்டும் வரவில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நாலாம் நாள். வெளியே வெயில், மேடையில் அதைவிட மூன்று பங்கு. இரும்பு ஊற்றி முடித்து இறங்கிய சாம்சன், மோர் டிரம்மிடம் வந்து சட்டியில் கையை விட்டார். எடுத்த உப்பு வாய்க்குப் போகவில்லை. வலது கை பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கல்லுப்பு விரல்களுக்கு நடுவே உதிர்ந்துகொண்டிருக்க, டிரம்மைக் கட்டிக்கொண்டே சரிந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். எத்தனை வருஷமாக பி.பி. என்று டாக்டர் கேட்டபோது ஏஞ்சலினுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. வலது பக்கம் இல்லை. பேச்சு இல்லை. தழும்புக் கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது.

ஏஞ்சலின் காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனாள். துணைக்கு சுப்பராயனைக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. காண்ட்ராக்டரின் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினான். ஒரு கோப்பை எடுத்து மேஜையில் விரித்தான்.

"இங்க பாருங்கம்மா. நாலு வருஷ பிட்னஸ் ரிப்போர்ட். நூத்திருபது எண்பது. சர்க்கரை இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்வளவு திடமான மனுஷன் வேலையால விழுந்தார்னு எப்படிச் சொல்றீங்க? வீட்ல ஏதாவது டென்ஷன் இருந்திருக்கும். குடிப்பாரா?"

"அவரு குடிக்க மாட்டாருங்க."

"அப்ப எங்களுக்குத் தெரியாதும்மா. எங்ககிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தார். டாக்டர் கையெழுத்தே இருக்கே."

ஏஞ்சலின் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவது தாளில் அவள் விரல் நின்றது. அங்க அடையாளம் என்று ஒரு கட்டம். மற்ற வருஷங்களில் வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்தில், அந்த ஒரு வருஷம் மட்டும், இடது புருவத்துக்கு மேல் கறுப்பு மச்சம் என்று எழுதியிருந்தது. வெந்த கையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அவள் மெதுவாகத் திரும்பி சுப்பராயனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கை தன்னையறியாமல் புருவத்துக்குப் போனது. மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து, லாரிகள் நிற்கிற வேப்பமரத்துக்குக் கீழே அவள் நின்றாள்.

"எத்தினி வருசம்?"

"நாலு வருசம்ண்ணி."

"அந்தக் கேனு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயத் தொறந்து சொல்லு."

"நான்தாண்ணி. அண்ணனுக்கு வேல போயிடப்போவுதுன்னு... நல்லதுக்குதாண்ணி செஞ்சேன்."

அவள் அழவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"நான் மூணு வாரம் தபால்காரன் வாயப் பாத்துனு நின்னேன் சுப்பு. அந்தப் பொண்ணு மறுக்கா வந்தப்பகூட நீ சோறு துன்னுக்கினு இருந்த. நான் போட்ட சோறு." தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி. இப்ப ஒண்ணு செய். லேபர் ஆபீசுல நான் எயுதிக் குடுக்கப்போறேன். நீ வந்து, அந்தக் கை என்னோடதுன்னு சொல்லு. நாலு வருசமா அவர ஒருத்தனும் தொட்டுக்கூடப் பாக்கல, பாக்காமயே நெருப்புக்கு முன்னால நிக்க வெச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"சொன்னா எட்டு பேரு பாஸ் போயிடும்ண்ணி. ஸ்டீபனுக்கு சக்கர, ராபினுக்கு..."

"உன் அண்ணனுக்குப் போன கை?"

"கேம்ப் வருது. அன்னிக்கு அந்த டாக்டர் கிட்டயே எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். சத்தியமா" என்றான். அவள் நம்பினாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள். சாம்சனுக்குச் செய்தது. அதில் உப்பே இல்லை. அவனால் இரண்டு வாய்க்கு மேல் இறக்க முடியவில்லை. எதிரே சாம்சன் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, உப்பு டப்பா இருந்த பக்கம் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்டில் வேன் வந்தது. அதே டாக்டர், அதே நர்ஸ். சுப்பராயன் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சொல்லப்போகிற வார்த்தைகளை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் மேஜைக்கு இருபது அடி தூரம் வரை போனான். அங்கே ஸ்டீபன் எதிரில் வந்தான். சட்டைப் பையில் பாட்டில்கள் துருத்திக்கொண்டிருந்தன.

"இன்னா மெட்ரோ, எங்க போற? அஞ்சு பேர்தான் இந்த வாட்டி. வா சீக்கிரம்."

"ஸ்டீபன்... இந்த வருசம் வோணாம்னு பாக்கறேன்."

ஸ்டீபனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கோபப்படவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "என் பொண்ணு காலேஜ் சேந்து ஒரு மாசம்கூட ஆவலபா" என்றான். பின்னால் ராபின் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அவனுக்கு இருந்த ஒரே மரியாதை அந்தப் பார்வையில்தான் இருந்தது.

அவன் டாக்டர் மேஜையை ஒருமுறை பார்த்தான். டாக்டர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"கொண்டா" என்றான்.

கக்கூஸ் கதவைத் தாழ் போட்டான். பாட்டில்கள் அடியில் வந்தன. ஒன்று, இரண்டு. மூன்றாவது பாட்டிலுக்கே முக்க வேண்டியிருந்தது. நாலாவதையும் ஐந்தாவதையும் குழாய்த் தண்ணீர் விட்டு ஒப்பேற்றினான். மூடியைத் திருகி ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். வெளியே யாரோ, "வாழ்க மெட்ரோ" என்று கிசுகிசுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அவன் கார்டே மேஜைக்கு வந்தது. நர்ஸ் பாட்டிலை நீட்டினாள். உள்ளே போய் வெகு நேரம் நின்றான். ஒரு சொட்டு வரவில்லை. காலிப் பாட்டிலோடு திரும்பி வந்தான்.

"என்னங்க?" என்றாள் நர்ஸ்.

"வரலமா."

"தண்ணி குடிச்சிட்டு வாங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. உங்களுது இல்லாம எழுத முடியாது."

சுப்பராயன் மேடைக்குக் கீழே போனான். குடிதண்ணீர்க் குழாயில் அன்று தண்ணீர் இல்லை. நீல டிரம்மில் டம்ளரை விட்டு மோரை மொண்டு குடித்தான். உப்புக் கரித்தது. இன்னொரு டம்ளர் மொண்டான். பக்கத்தில் சட்டி நிறைய கல்லுப்பைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டே இருந்தான்.